சதுரக் கம்பமும் பச்சைச் சட்டையும்: ஒரு கிளப் தன் வரலாற்றை எப்படிச் சொல்லிக்கொள்கிறது

பிரான்ஸின் செந்த் எத்தியென் கால்பந்துக் கிளப்பைப் பற்றி எங்கே படிக்கத் தொடங்கினாலும், சீக்கிரமே ஒரு மரக்கட்டையில் போய் முட்டிக்கொள்வோம். 1976 மே 12, கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் பார்க் மைதானம். ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. எதிரணி பயர்ன் மியூனிக். 34ஆவது நிமிடத்தில் டொமினிக் பாத்தனே தூரத்திலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஐந்து நிமிடம் கழித்து ஜாக் சான்தினி தலையால் முட்டிய பந்தும் அதே கம்பத்தில் பட்டது. 57ஆவது நிமிடத்தில் ஃபிரான்ஸ் ரோத் ஒரு ஃப்ரீ கிக்கை கோலாக்கினார். 1–0. கோப்பை ஜெர்மனிக்குப் போனது.

ஹாம்ப்டன் பார்க்கின் கோல் கம்பங்கள் அன்று சதுர வெட்டுமுகம் கொண்டவை. பிரான்ஸில் பழக்கம் உருண்டைக் கம்பம். "உருண்டையா இருந்திருந்தா ரெண்டும் உள்ள போயிருக்கும்" என்று அன்று தொடங்கிய பேச்சு ஐம்பது வருஷமாக ஓயவில்லை. 'சதுரக் கம்பம்' என்று சொன்னாலே பிரெஞ்சுக் கால்பந்து ரசிகருக்கு எந்த ஆட்டம் என்று விளங்கிவிடும். 2013இல் கிளப் அந்தக் கம்பங்களையே ஸ்காட்லாந்திலிருந்து 20,000 யூரோ கொடுத்து வாங்கி வந்து, புதிதாகத் திறந்த தன் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டது. தன்னைத் தோற்கடித்த பொருளைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குள் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிற கிளப் வேறு எங்காவது இருக்கிறதா தெரியவில்லை.

எனக்கு இந்தக் கம்பக் கதையோடு ஒரு சண்டை இருக்கிறது. கதை சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நூறு வருஷ வரலாற்றின் நடுவில் அதை நட்டு வைத்தால் மீதிக் கதை எல்லாம் அதன் நிழலில் போய்விடுகிறது. போன சில மாதங்களாக இந்தக் கிளப்பைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். படிக்கப் படிக்க அந்த நிழல்தான் கண்ணை உறுத்தியது.

முதலில் கம்பத்தையே பார்த்துவிடுவோம். பி.இ. படித்ததற்கு இதற்காவது பயன்படட்டும்.

ஆட்ட விதிப்படி பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. அப்படியானால் ஆரம் ஏறக்குறைய 11 செ.மீ. கம்பத்தின் தடிமன் அதிகபட்சம் 12 செ.மீ., அதாவது நடுவிலிருந்து 6 செ.மீ. பந்து தரைக்கு இணையாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் மையமும் கம்பத்தின் மையமும் ஒரே உயரத்தில் இருந்தால் சதுரமோ உருண்டையோ வித்தியாசமே இல்லை, வந்த வழியே திரும்பும். பந்தின் மையம் 17 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் கம்பத்தைத் தொடாமலே உள்ளே போய்விடும். கேள்வி எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

உருண்டைக் கம்பத்தில் மையம் தாழத் தாழ பந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கி விலகும். சதுரக் கம்பத்தில் முதல் 6 செ.மீ. வரை தட்டையான முகம், ஆகவே நேராகத் திரும்பும். அதற்குக் கீழே போனால் விளிம்பில் பட்டு விலகும். மோதலில் பந்து கொஞ்சம் வேகம் இழக்கும் என்று கணக்கில் சேர்த்து (மீள்தன்மை 0.7 என்று எடுத்துக்கொண்டேன்), பந்து கோலை நோக்கி உள்ளே விலக எவ்வளவு தாழ வேண்டும் என்று பார்த்தேன். உருண்டைக்கு ஏறத்தாழ 11 செ.மீ., சதுரத்துக்கு 13 செ.மீ. ஆக, உருண்டைக் கம்பம் உள்ளே அனுப்பி, சதுரக் கம்பம் வெளியே அனுப்பும் இடம் இரண்டு செ.மீ. அகலப் பட்டை மட்டுமே. பந்து கம்பத்தைத் தொடக்கூடிய மொத்த உயரம், மேலும் கீழும் சேர்த்து, 34 செ.மீ. பந்தின் சுழற்சியை விட்டுவிட்டேன், பாதையைத் தட்டையாக எடுத்துக்கொண்டேன், அது தோராயம்தான். இருந்தாலும் அளவு புரிந்திருக்கும்.

இன்னொன்று. பாத்தனேயின் பந்து கம்பத்தில் பட்டு ஆடுகளத்துக்குள் திரும்பி வந்தது. எர்வே ரெவெல்லி அதைத் தலையால் முட்டப் பார்க்க, பந்து கோல்கீப்பர் செப் மையரின் கைக்குப் போனது. அப்படித் துள்ளித் திரும்பிய பந்து தட்டை முகத்தின் நடுப்பகுதியில் பட்டிருக்க வேண்டும். அந்த உயரத்தில் உருண்டைக் கம்பமும் அதை வெளியேதான் அனுப்பியிருக்கும், கோணம் மட்டும் மாறியிருக்கும். சான்தினியின் பந்துக்கு வேண்டுமானால் அந்த இரண்டு செ.மீ. சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம்.

இன்றைக்கும் ஆட்ட விதிகளின் முதல் விதி சதுரக் கம்பத்தை அனுமதிக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன். பயர்ன் அணியும் பாதி நேரம் அதே கம்பத்தை நோக்கித்தானே ஆடியது?

எங்கள் தொழிலில் ஒரு சிஸ்டம் விழுந்துவிட்டால், எழுந்த பிறகு ஓர் அறிக்கை எழுதச் சொல்வார்கள். மூல காரணம் என்ன, அதுதான் அதில் முக்கியமான கட்டம். அந்தக் கட்டத்தில் 'நெட்வொர்க் கோளாறு' என்று போட்டுவிட்டால் அன்று எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நெட்வொர்க்குக்கு மனசு புண்படாது, மேனேஜர் இல்லை, வருடாந்திர மதிப்பீடு கிடையாது. சதுரக் கம்பம் அப்படிப்பட்ட ஒரு பதில். மரத்தைத் திட்டினால் யாருக்கும் வலிக்காது.

ஆட்டத்தில் வலிக்கிற காரணங்கள் இருந்தன. டொமினிக் ரொஷ்தோ, அந்த அணியின் செல்லப்பிள்ளை, வலது ஓரத்தில் பாய்கிற இளைஞர், காயத்தால் பெஞ்சில் இருந்தார். கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான் களத்தில் இறங்கினார். இறங்கியதும் ஆட்டம் சட்டென்று மாறியது, நேரம்தான் இல்லை. ரோத்தின் கோலுக்கு முன்னால் பெக்கன்பவர் பந்தைச் சும்மா உருட்டிவிட்டபோது செந்த் எத்தியென் வீரர்களின் சுவர் ஒழுங்காக நிற்கவில்லை. இதே பயர்ன் அணி 1975 அரையிறுதியில் இவர்களை 0–0, 2–0 என்று வீழ்த்தியிருந்தது. அந்த 2–0க்கு எந்தக் கம்பத்தையும் யாரும் குறை சொல்லவில்லை. மறு வருஷம் 1977 மார்ச்சில் லிவர்பூல், ஆன்ஃபீல்டில் 3–1 என்று முடித்துக் காலிறுதியிலேயே அனுப்பிவைத்தது. தொடர்ந்து மூன்று ஆண்டு ஐரோப்பாவில் நன்றாக ஆடி, மூன்று முறையும் தன்னைவிடக் கொஞ்சம் தேர்ந்த அணியிடம் தோற்ற அணி. இதில் அவமானம் ஒன்றுமில்லை. உண்மையில் எனக்குப் பிடித்த ஆட்டம் அந்த இறுதிப் போட்டியே இல்லை, அதற்கு எட்டு வாரம் முன்னால் கீவ் அணியோடு நடந்தது. முதல் ஆட்டத்தில் 2–0 தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில், முந்தைய ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த வீரர் ஒலெக் பிளோகின் தனியாகக் கோலை நோக்கி வருகிறார், அடித்தால் கதை முடிந்தது. கிறிஸ்தியான் லோப்பெஸ் பந்தைப் பறிக்கிறார். அதே ஓட்டத்தில் பந்து அந்தப் பக்கம் போய் ரெவெல்லி கோல் போடுகிறார். கூடுதல் நேரத்தில் ரொஷ்தோ மூன்றாவது கோல். இவர்கள் தாங்களே சாதித்த இரவு அது. ஆனால் கொடியில், சட்டையில், கடைப் பொருள்களில் நிற்பது கிளாஸ்கோதான்.

ஏன் தோல்வி நிற்கிறது? இறுதிப் போட்டிக்கு மறுநாள் தோற்ற அணி பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் ஊர்வலம் போனது. ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தான் மாளிகைக்கு அழைத்து விருந்து வைத்தார். ஒரு தொழில் நகரத்தின் அணியை தலைநகரம் தன் பிள்ளையாகத் தத்தெடுத்த நாள் அது என்று பொதுவாக எழுதுகிறார்கள். அந்த நகரத்தின் நிலையைப் பார்த்தால் காட்சி கொஞ்சம் கசக்கும். பிரான்ஸின் முதல் ரயில் பாதை, 1827இல், செந்த் எத்தியெனிலிருந்துதான் நிலக்கரி ஏற்றிப் போனது. அப்படிப்பட்ட நகரத்தில் கூரியோ சுரங்கம் 1973இல் மூடப்பட்டது. அந்நாளைய பச்சைச் சட்டையின் நெஞ்சில் பெயர் பொறித்திருந்த மானுஃபிரான்ஸ், துப்பாக்கியும் சைக்கிளும் செய்து தபாலில் விற்ற பெரிய நிறுவனம், சில வருஷத்தில் தள்ளாடத் தொடங்கி 1980களில் ஒழிந்தே போனது. சுரங்கம் மூடினதுக்கு ஒரு காரணம், ஒரு முடிவு, முடிவெடுத்த ஆட்கள் எல்லாம் உண்டு. கம்பத்தில் பந்து பட்டதுக்கு யாரும் பொறுப்பில்லை. துரதிர்ஷ்டத்துக்கு ஊர்வலம் விடுவது எளிது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆவணம் காட்ட முடியாது.

அடுத்து, 'சுரங்கத் தொழிலாளிகளின் கிளப்' என்ற அடைமொழி. பார்வையாளர் மாடங்களைப் பொறுத்தவரை உண்மை. பிறப்பைப் பொறுத்தவரை அப்படி இல்லை. இது ஒரு மளிகைக் கடையின் கிளப்.

ஜெஃப்ருவா கிஷார் என்பவர் 1898இல் தொடங்கிய கடைத் தொடர் கஸினோ. முதல் கடை ஒரு பழைய கஸினோ கட்டடத்தில் இருந்ததால் அந்தப் பெயர். சூதாட்டத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் அதற்கு மேல் தொடர்பு இல்லை. 1919இல் கஸினோ ஊழியர்களுக்காக ஒரு விளையாட்டுச் சங்கம் அமைந்தது. சட்டைக்குக் கடையின் நிறமான பச்சை. வணிகப் பெயரைக் கிளப்புக்கு வைக்கக் கூடாது என்று சம்மேளனம் சொன்னதும், 1920இல் பெயரை மாற்றினார்கள், ஆனால் ஏ.எஸ்.சி. என்ற முதலெழுத்துகள் அப்படியே நிற்கும்படி சாமர்த்தியமாக மாற்றினார்கள். 1927இல் முதலாளியின் மகன் பியேர் கிஷார் தலைவரானார். 1931இல் அப்பா வாங்கிய நிலத்தில் மைதானம் திறந்தது, அவர் பெயரே வைத்தார்கள். 1933இல் தொழில்முறை அணியானது. இன்றைக்கு முப்பதாயிரம் பேர் நுரையீரல் வெடிக்கக் கத்துகிற அந்தப் பச்சை, ஒரு மளிகைக் கடையின் நிறம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழிலாளிக்கு மைதானம், கிளப், பகல் சாப்பாடு, குடியிருப்பு எல்லாம் கொடுத்து அவர் வாழ்க்கையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வது அந்தக் காலத்து பிரெஞ்சு முதலாளிகள் பலருக்குப் பழக்கம். சோஷோ அணிக்குப் பின்னால் பியூஜோ கார் கம்பெனி இருந்தது. லான்ஸ் அணிக்குப் பின்னால் சுரங்கக் கம்பெனி. என்ன வித்தியாசம் என்றால், சோஷோவைப் பற்றி எழுதுகிறவர் பியூஜோவை விட்டுவிட்டு எழுத முடியாது. செந்த் எத்தியெனைப் பற்றி எழுதுகிறவர்கள் கஸினோவை முதல் பத்தியில் ஒரு தகவலாகப் போட்டுவிட்டு, இரண்டாவது பத்தியிலிருந்து சுரங்கத் தூசி, உழைப்பாளிகளின் வியர்வை என்று போய்விடுகிறார்கள். சம்பளம் கொடுத்தவர் கதையிலிருந்து மெதுவாக மறைந்துவிடுகிறார்.

இப்போது ரஷீத் மெக்லூஃபி. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இவர்தான்.

அல்ஜீரியாவின் செத்திஃப் நகரில் 1936இல் பிறந்தவர். 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள், அதே செத்திஃபில் விடுதலை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டது. அதைத் தொடர்ந்த வாரங்களில் அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கில் அல்ஜீரியர்கள் கொல்லப்பட்டார்கள். மெக்லூஃபிக்கு அப்போது எட்டு வயது. 1954இல் செந்த் எத்தியென் அவரை எடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் அல்ஜீரிய விடுதலைப் போரும் தொடங்கியது. 1957இல் பயிற்சியாளர் ஜான் ஸ்னெலாவின் கீழ் கிளப் முதல்முறையாக பிரெஞ்சு சாம்பியன் ஆனது. மெக்லூஃபியும் கேமரூனைச் சேர்ந்த யூஜேன் என்ஜோ லேயாவும் முன்வரிசையில் கோல்களைக் குவித்தார்கள். (என்ஜோ லேயா பின்னாளில், 1961இல், பிரெஞ்சுத் தொழில்முறை வீரர்களின் சங்கத்தை நிறுவியவர்களில் முக்கியமானவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

1958 ஏப்ரலில், உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மெக்லூஃபி மறைந்துவிட்டார். பிரெஞ்சு உலகக் கோப்பை அணியில் இடம்பெறக்கூடியவர் என்று பேசப்பட்டவர். அப்போது பிரெஞ்சு ராணுவச் சேவையில் வேறு இருந்தார், ஆகவே அவர் போனது கிளப்பை விட்டு ஓடியது மட்டுமில்லை, போர்க் காலத்தில் படையை விட்டு ஓடியது. மொனாக்கோவின் முஸ்தஃபா சித்தூனி உட்பட சுமார் பத்து அல்ஜீரிய வீரர்கள் சேர்ந்து, சுவிட்சர்லாந்து, இத்தாலி வழியாக, துனிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே விடுதலை இயக்கமான எஃப்.எல்.என். அமைத்த அணிக்கு ஆடினார்கள். நாடே இல்லாத நாட்டின் அணி. உலகக் கால்பந்துச் சம்மேளனம் அங்கீகரிக்கவில்லை. கிழக்கு ஐரோப்பா, அரபு நாடுகள், சீனா, வட வியட்நாம் என்று நான்கு வருஷம் சுற்றி ஆடியது. அவர்கள் இல்லாமல் பிரான்ஸ் அந்த உலகக் கோப்பையில் மூன்றாவது இடம் வந்தது, ஜுஸ்த் ஃபோன்தேன் 13 கோல் போட்டார். அந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள்.

இருபத்தொரு வயசுப் பையன். பேர், சம்பளம், உலகக் கோப்பை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். எல்லாத்தையும் போட்டுட்டுப் போறான். பிடிபட்டால் சிறை. இவன் கதை முன்னால் நிற்கும்போது, ஒரு பந்து எந்தக் கட்டையில் பட்டது என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அவர் 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு, ஸ்னெலா பயிற்சியளித்துக்கொண்டிருந்த ஜெனீவா செர்வெத் அணியில் சிறிது காலம் ஆடிவிட்டு, அந்த ஆண்டு இறுதியில் செந்த் எத்தியெனுக்கே திரும்பினார். கிளப் அந்த வருஷம் விசித்திரமான நிலையில் இருந்தது. 1962இல் பிரெஞ்சுக் கோப்பையையும் வென்று, அதே பருவத்தில் லீக்கில் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியிருந்தது. போர் முடிந்து சில மாதமே ஆகியிருந்த அந்த நகரம், அவர் முதல் ஆட்டத்தில் எப்படி வரவேற்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. முதலில் மைதானம் அமைதியாக இருந்தது, அவர் பந்தைத் தொட்டு ஆடத் தொடங்கியதும் கைதட்டியது என்று சொல்வார்கள். 1963இல் மேல் பிரிவுக்குத் திரும்பினார்கள், 1964இல் சாம்பியன். 1967, 1968 இரண்டிலும் சாம்பியன். 1968 கோப்பை இறுதியில் போர்தோ அணியை 2–1 என்று வென்றபோது இரண்டு கோலும் மெக்லூஃபியுடையவை. தேதியைப் பாருங்கள்: 1968 மே 12. பாரிஸில் மாணவர்கள் தெருவில் தடுப்பரண் கட்டிப் போலீசோடு மோதிய இரவு முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கோப்பையைக் கொடுத்தவர் தெகோல். கொடுக்கும்போது, நீங்கள்தான் பிரான்ஸ் என்ற பொருள்பட மெக்லூஃபியிடம் ஏதோ சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது.

அந்தக் கதைதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. தெகோல் சொன்னாரா இல்லையா என்று ஆராய்வதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கிளப்பைக் கொண்டாடி எழுதும் கட்டுரைகளில் மெக்லூஃபியின் கதை பெரும்பாலும் இப்படி அமைகிறது: திறமையான இளைஞன், ஒரு 'பிரிவு', ஒரு 'திரும்புதல்', கடைசியில் ஜனாதிபதியின் ஆசீர்வாதம். குடும்பத்தில் கோபித்துக்கொண்டு போன பிள்ளை வீடு திரும்பிய மாதிரி. அவர் எதை விட்டுப் போனார், ஏன் போனார், செத்திஃபில் எட்டு வயதில் எதைப் பார்த்தார் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துவிடுகிறது. அவர் பிரான்ஸாக இருக்க மறுத்துத்தான் போனார். பிறகு இன்னொரு நாட்டின் குடிமகனாகத் திரும்பி வந்து ஆடினார். இரண்டுமே அவர் எடுத்த முடிவுகள். மன்னித்து ஏற்றுக்கொண்டதாகக் கதை சொன்னால் முடிவெடுத்தவர் கையிலிருந்து அது பறிபோகிறது.

இன்னொரு விஷயம். 1982 ஜூன் 16, ஸ்பெயினில் உலகக் கோப்பை. அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வீழ்த்தியது. அந்த அல்ஜீரிய அணியின் இரு பயிற்சியாளர்களில் ஒருவர் மெக்லூஃபி. ஹாம்ப்டன் பார்க்குக்கு ஆறு வருஷம் கழித்து, செந்த் எத்தியெனுக்காக நான்கு லீக் பட்டங்களும் நூற்றைம்பதுக்கு மேல் கோல்களும் எடுத்த மனிதர், ஜெர்மானியரைக் களத்தில் தோற்கடித்துவிட்டார். கிளப்பின் கதை சொல்கிறவர்கள் இதையும் தங்கள் கதையாகச் சொல்லிக்கொள்ளலாமே? நான் படித்தவற்றில் அப்படிச் சொன்னவர்களை அதிகம் பார்க்கவில்லை.

அதே 1982இல் கிளப்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? ரொஜே ரொஷே 1961 முதல் தலைவர். கட்டுமானத் தொழிலதிபர், வாயில் எப்போதும் பைப், கிளப்பை ஏறக்குறைய தனி ஆளாக நடத்தியவர். பயிற்சியாளர்கள் ஸ்னெலா, அல்பேர் பத்தோ, 1972 முதல் ரொபேர் எர்பான். இவர் காலத்தில் மட்டும் கிளப்பின் பத்து லீக் பட்டங்களில் ஒன்பது. இளம் வீரர்களைத் தேடிப் பிடித்து வளர்க்கும் முறையை பியேர் கரொனேர் கட்டியெழுப்பினார். 1976 அணியின் முதுகெலும்பு அப்படி உள்ளே வளர்ந்தவர்கள். 1977க்குப் பிறகு ரொஷே வழியை மாற்றினார். வளர்ப்பதை விட்டு வாங்கத் தொடங்கினார். 1979இல் மிஷெல் பிளாத்தினியும் ஹாலந்தின் ஜானி ரெப்பும் வந்தார்கள். 1981இல் பத்தாவது பட்டம். 1982 மே மாதம், கணக்கில் வராத பணத்தில் ஒரு ரகசியப் பெட்டி இருந்ததும், வீரர்களுக்குக் கணக்கில் காட்டாமல் அதிலிருந்து பணம் போனதும் வெளியே வந்து, ரொஷே பதவி விலகினார். பிறகு சிறைக்கும் போனார். பல வருஷம் கழித்து ஜனாதிபதி மித்தெரான் மன்னிப்பு வழங்கினார். பிளாத்தினி அந்தக் கோடையில் யுவென்துஸ் போய்விட்டார். 1984இல் அணி இரண்டாம் பிரிவில்.

கறுப்புப் பெட்டியை யாரும் மறைக்கவில்லை, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அது 'முடிவு' என்ற அத்தியாயத்தில் மட்டும் இருக்கிறது. பொற்காலம் ஒரு பக்கம், வீழ்ச்சி ஒரு பக்கம், நடுவில் கோடு. ஒரே தலைவர், ஒரே நிர்வாக முறை, ஒரே 'எல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்ற தோரணைதான் இரண்டையும் செய்தது என்று எழுதினால் 1976 கொஞ்சம் கறை படியும். கறை படியாமல் இருக்கத்தான் மரக்கட்டை உதவுகிறது.

அதற்குப் பிறகு வந்ததை வேகமாகவே சொல்லலாம், சுவாரசியம் குறைவு. 1986இல் மேலே, 1996இல் கீழே, 1999இல் மேலே. 2000–01 பருவத்தில் பிரேசில், உக்ரைன் வீரர்களின் போலி பாஸ்போர்ட் விவகாரம். புள்ளிகள் பறிக்கப்பட்டு 2001இல் கீழே. 2004இல் மேலே வந்து கொஞ்சம் நிலைத்து, 2013இல் லீக் கோப்பையை வென்றார்கள், 32 வருஷத்துக்குப் பிறகு ஒரு பெரிய பட்டம். 2022இல் ஒசேர் அணியிடம் பெனால்ட்டியில் தோற்று மறுபடி இறக்கம். பத்து பட்டம் என்ற சாதனையையும் பாரிஸ் அணி 2023இல் தாண்டிவிட்டது.

2024ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மார்ச்சில் கஸினோ நிறுவனம் கடன் தாங்காமல் செக் தொழிலதிபர் ஒருவரின் கைக்குப் போனது. அதன் பெரிய கடைகளைப் போட்டியாளர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் கிளப் மறுபடி மேல் பிரிவுக்கு ஏறிய கையோடு ஒரு கனடா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நவம்பரில் மெக்லூஃபி 88 வயதில் அல்ஜியர்ஸில் இறந்தார். பச்சை நிறத்தைக் கொடுத்த கடை, கிளப்பின் உரிமை, அதன் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் கருதுபவர், மூன்றும் ஒரே வருஷத்தில் கைமாறியும் மறைந்தும் போயின. மறு வருஷம் மே மாதம் அணி மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மைதானத்தின் பெயர் மட்டும் இன்னும் அந்த மளிகைக் கடைக்காரருடையதுதான்.

எஃப்.எல்.என். அணியின் சீனா, வட வியட்நாம் பயணத்தைத் தேதிவாரியாக ஒரு பட்டியலாக்கிக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு, அரபு மூலங்களில் ஊர்ப் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவர மாட்டேன் என்கின்றன. இதில் ஏற்கெனவே இறங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து சரிபார்க்கலாம். பட்டியல் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.